சம்பந்தியம்மாவுக்கு மூன்று மிளகாய்

குவானஹுவாத்தோ,
ஜூன் 26, 1984.

சம்பந்தியம்மா எர்லிந்தா அவர்களுக்கு,

ஹொவிதா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதக் கை வரவில்லை. நான் நலமாக இல்லை. நீங்கள் நலமாக இருக்கிறீர்களா என்று அறிய எனக்கு ஆவலும் இல்லை.

உங்கள் மகள் அம்பாரோ இந்நேரம் அங்கே வந்து சேர்ந்திருப்பாள். என்ன கதை அளந்தாளோ தெரியாது, நடந்ததை நான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை புனித யோவான் திருநாள். காலைப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரும் தெருக்காரர்களும் என் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, மிளகாய்ச் சாந்தில் முக்கி நான் செய்யும் என்சிலாதா சாப்பிடுவார்கள். என் கணவர் சுரங்கச் சரிவிலிருந்து உயிரோடு வெளியே வந்த வருடம் தொடங்கிய வழக்கம் அது. அவர் போன பிறகும் நான் விட்டதில்லை.

விடியும் முன்பே எழுந்து மிளகாய்ச் சாந்து செய்து, மண்பானையில் மூடி வைத்துவிட்டுத்தான் பூசைக்குப் போனேன். திரும்பி வந்து எல்லோரையும் உட்கார வைத்தேன். சாமியார் கழுத்தில் துண்டைச் செருகிக்கொண்டு தயாராக இருக்கிறார். அடுப்பில் கொழுப்பு காய்ந்துகொண்டிருக்கிறது. உங்கள் மகள் வந்தாள், பானையின் மூடியைத் திறந்தாள், முகத்தை உள்ளே விட்டுப் பார்த்தாள். அப்புறம் பானையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், அத்தனை பேர் பார்க்க, முற்றத்துச் சாக்கடையில் கொட்டினாள்.

"என்னடி பண்றே?"

"கை தவறிருச்சு அத்தை."

கை தவறினால் பானை விழுந்து உடையும், சம்பந்தியம்மா. கவிழ்த்துக் கொட்டி, ஒரு செம்பு தண்ணீர் விட்டுக் கழுவியும் வைப்பார்களா? சாமியாருக்கு நான் வேகவைத்த அவரையும் வெறும் தொர்த்தியா ரொட்டியும் போட்டு அனுப்பினேன். "பரவால்ல ஹொவிதா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே போனார். ஊர் முன்னால் என் மூக்கை அறுத்துவிட்டாள் உங்கள் மகள்.

நான் கரண்டியை வீசினேன். அது அவள் மேல் படவில்லை. "வெளிய போடி" என்றேன், உண்மைதான். கோபத்தில் பெரியவர்கள் ஆயிரம் சொல்வார்கள். நின்று இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால் முடிந்திருக்கும். மகராசி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

அவளை நீங்களே வைத்துக்கொண்டு புத்தி சொல்லுங்கள். என் பேத்தி பெனிதாவை உடனே அனுப்பி வையுங்கள். அது இந்த வீட்டுக் குழந்தை.

ஹொவிதா ரங்கேல்

*

சோலெதாத், சான் லூயிஸ் பொத்தோசி,
ஜூலை 4, 1984.

அன்பு என்று எழுதினால் பொய்யாகிவிடும், ஆகவே வெறும் சம்பந்தியம்மா ஹொவிதா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. குழந்தையைத் தனியாக அனுப்ப அது பார்சல் இல்லை. தாய் எங்கேயோ பிள்ளை அங்கே.

சாப்பாட்டைக் கொட்டியதற்கு என் மகளை நான் தட்டிக் கொடுத்தேன் என்று நினைக்க வேண்டாம். சாயங்காலமானால் வாசலில் சட்டி வைத்து என்சிலாதா விற்றுத்தான் அவளை வளர்த்தேன். ஒரு கரண்டி சாந்து வீணானாலும் எனக்கு வயிறு எரியும். வந்து இறங்கியதுமே பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டி, சாமியார் முன்னாடி சாந்தைக் கொட்டுனியாமே?"

"ஆமா."

"எதுக்கு?"

"கொட்டணும்னு இருந்துச்சு, கொட்டுனேன்."

"புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு?"

"அப்படியே வச்சுக்கம்மா."

அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. குழந்தைக்குத் தலைதுவட்டப் போய்விட்டாள். என் மகள் வாயாடி. திருமணமாகி உங்கள் வீட்டுக்கு வரும்வரை அவள் வாயை மூட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்படிப்பட்டவளை இரண்டே வருடத்தில் இப்படி ஊமையாக்கி அனுப்பியிருக்கிறீர்களே, என்ன மருந்து வைத்தீர்கள்?

உங்கள் மகனைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். மனைவியும் குழந்தையும் பஸ் ஏறும்போது மாப்பிள்ளை ஃபெர்மின் எங்கே போயிருந்தார்? சுரங்கத்தில் வேலை என்றால் சரி, அப்புறம் இத்தனை நாளாக வாயில் என்ன கொழுக்கட்டையா?

அந்தச் சாந்துக்கு வருகிறேன். உங்கள் ஊர்ச் சமையலை நான் திருமணத்தின்போதே பார்த்தேன். தொர்த்தியாவைச் சிவப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, மேலே உருளைக்கிழங்கையும் கேரட்டையும் கொட்டிக் குவித்து, கீழே இருப்பதை மறைத்துவிடுவீர்கள். எங்கள் ஊரில் மிளகாயை மாவிலேயே ஏற்றிப் பிசைவோம். எங்களுக்கு மறைக்க ஒன்றுமில்லை.

அம்பாரோவும் பெனிதாவும் இங்கேதான் இருப்பார்கள்.

எர்லிந்தா சவாலா

*

குவானஹுவாத்தோ,
ஜூலை 12, 1984.

சம்பந்தியம்மா,

மறைக்க ஒன்றுமில்லையாம்! நீங்கள் விற்பது என்சிலாதாவே இல்லை. சிவப்புச் சாயம் போட்டு மடித்துப் பொரித்த பலகாரம். அதைக் கடிதத்தில் என்னோடு ஒப்பிட்டுப் பேச எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

என் சாந்தில் என்ன குறை கண்டாள் உங்கள் மகள்? நான் எப்படிச் செய்கிறேன் என்று எழுதுகிறேன், நீங்களே குறை கண்டுபிடியுங்கள். குவஹீயோ மிளகாயைக் கழுவ மாட்டேன், ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பேன். காம்பைக் கிள்ளி, நீளவாக்கில் பிளந்து, விதையையும் நரம்பையும் எடுப்பேன். சூடான கல்லில் போட்டு, தட்டையாக அமுக்கி, புரட்டி வறுத்து எடுப்பேன். சுடுதண்ணீரில் ஊற வைத்து, பூண்டு, சீரகம், கொஞ்சம் ஓரிகானோ சேர்த்து அம்மியில் அரைப்பேன். மிக்ஸி என் வீட்டில் கிடையாது. அரைத்ததைத் துணியில் வடிகட்டி, பன்றிக் கொழுப்பில் ஊற்றி, ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை சுண்ட வைப்பேன். அதில் தொர்த்தியாவை முக்கி, சூடான கொழுப்பில் இரண்டு பக்கமும் காட்டி, பாலாடைக்கட்டியும் நறுக்கிய வெங்காயமும் வைத்து மடித்தால் அதுதான் என்சிலாதா.

இந்தத் தடவை வாங்கிய மிளகாய் எப்பேர்ப்பட்டது தெரியுமா? ஊறிய தண்ணீர் காப்பி மாதிரிக் கறுத்து நின்றது. அவ்வளவு சத்து! பக்கத்து வீட்டு ரமோனாகூடச் சுவர் மேலாகத் தலையை நீட்டினாள். "என்ன ஹொவிதாக்கா, ஏதாச்சும் தீயுதா?" என்றாள். அவளுக்கு என்றைக்குமே பொறாமை.

ருசி பார்த்தேனா என்று கேட்பீர்கள். நற்கருணை வாங்கும்வரை பச்சைத் தண்ணீரும் பல்லில் படக்கூடாது என்று இருக்கிறவள் நான். இந்தக் காலத்து வழக்கம் எனக்கு வேண்டாம். ருசி பார்க்க அவசியமும் இல்லை. பால் திரிந்ததா, கொழுப்பு காறியதா என்று இந்தத் தெருவே சட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் ஓடி வரும். "ஹொவிதாக்கா மூக்கு வச்சுச் சொன்னா அப்பீல் கெடையாது" என்பார்கள். அப்படிப்பட்ட என் பானைக்குள் உங்கள் மகள் மூக்கை நுழைக்கிறாள்.

இன்னும் கேளுங்கள். கடுங்குளிரிலும் சமையலறை ஜன்னலைத் திறந்து போடுவாள். நான் அடுப்பை விட்டு நகர்ந்தால் போதும், பின்னாலேயே வந்து காஸ் குமிழைத் திருகிப் பார்ப்பாள், போலீஸ்காரி மாதிரி. ஜனவரியில் நான் காய்ச்சலில் கிடந்து எழுந்ததிலிருந்து இந்த அதிகாரம். கிழவி ஒழிந்துவிடுவாள், சமையலறை நமக்கு என்று நினைத்தாளோ என்னவோ. நான் பிழைத்தது அவளுக்கு ஏமாற்றம்.

ஃபெர்மினைக் கேட்டீர்கள். "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்கம்மா" என்று சொல்லிவிட்டு இரட்டை ஷிப்டு போகிறான். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். என் மகனை அப்படி உட்கார வைத்தது யார்?

ஞாயிற்றுக்கிழமை பெனிதாவுக்கு முதல் பிறந்தநாள். அவளுக்காக நான் பின்னிய தொப்பி இங்கேயே கிடக்கிறது. குழந்தையை அனுப்புங்கள் என்று கேட்கவில்லை, சொல்கிறேன்.

ஹொவிதா

*

சோலெதாத்,
ஜூலை 21, 1984.

சம்பந்தியம்மா ஹொவிதா அவர்களுக்கு,

குறை கண்டுபிடியுங்கள் என்று நீங்களே எழுதினீர்கள். கண்டுபிடித்துவிட்டேன்.

ஊறிய தண்ணீர் காப்பி மாதிரி இருந்ததா? எந்த ஊரில் அம்மா? குவஹீயோ ஊறினால் தண்ணீர் செங்கல் நிறத்தில் இருக்கும். கறுத்தால் மிளகாய் கரியாகிவிட்டது என்று அர்த்தம். அதை அம்மியில் அரைத்தாலும் தங்க உரலில் இடித்தாலும் கசப்புத்தான். ரமோனாவுக்குப் பொறாமை இல்லை, மூக்கு இருக்கிறது. உங்கள் மூக்கு எங்கே போயிற்று?

உங்கள் கடிதத்தை நான் சத்தமாகத்தான் படித்தேன். அம்பாரோ துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காப்பி என்ற இடம் வந்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"போதும்மா, படிக்காத."

"ஏன், ஒன்னயத் திட்டுறது கசக்குதா?"

"அவங்களுக்கு மணம் தெரியாதும்மா. ஜனவரிக் காய்ச்சலோட போயிருச்சு. வெளிய சொல்லிறாத, செத்துருவாங்க."

சொல்லிவிட்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். இத்தனை நாள் தேக்கி வைத்தது எல்லாம் வந்தது. ஒவ்வொன்றாக எழுதுகிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

பால் பொங்கித் தீய்ந்தபோது நீங்கள் பக்கத்திலேயே நின்று பாட்டு முணுமுணுத்தீர்களாம். கெட்டுப்போன கொழுப்பில் பொரித்து ரமோனாவுக்குக் கொடுத்து அனுப்பினீர்களாம், வழியிலேயே அம்பாரோ அதை நாய்க்குப் போட்டுவிட்டு வேறு செய்து கொடுத்தாளாம். இதெல்லாம் போகட்டும். மே மாதம் நடந்ததைக் கேளுங்கள். அவள் மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போயிருந்தாள். நீங்கள் சமையலறை வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தீர்கள். அடுப்பில் அவரை பொங்கி வழிந்து நெருப்பு அணைந்துவிட்டது. காஸ் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. படியில் இறங்கும்போதே அவளுக்கு நெடி குப்பென்று அடித்ததாம். அந்த வாயு தரையோடு போகும், சம்பந்தியம்மா. பெனிதாவும் அப்போது தரையோடுதான் போய்க்கொண்டிருந்தாள். ஒரு மூடியைத் தட்டி விளையாடிக்கொண்டு, உங்கள் கண் முன்னால்.

அம்பாரோ குமிழை அடைத்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடியிருக்கிறாள். திரும்பி வந்து உங்களிடம் என்ன சொன்னாள் தெரியுமா? "காத்துல அடுப்பு அணைஞ்சிருச்சு அத்தை" என்று சொன்னாளாம். ஜன்னலைத் திறந்து போட்டதற்கு நீங்கள் அவளைத் திட்டினீர்களாம். போலீஸ்காரி, அதிகாரம் என்று எழுதினீர்களே, அதுதான் கதை.

புருஷனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா அவரு அம்மாவ அடுப்புப் பக்கமே விடமாட்டாரு. அத்தைக்கு அத விட்டா என்னம்மா இருக்கு?" என்றாள். சாமியார் முன்னால், தெரு முன்னால், கருகிய சாந்து உங்கள் கையிலிருந்து போகக்கூடாது என்றுதான் கொட்டினாள். கொட்டிவிட்டு, கரண்டி வீச்சையும் வாங்கிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு வந்தாள். நான் அவள் அளவுக்கு நல்லவள் இல்லை. அதனால் எழுதிவிட்டேன்.

இல்லை, பொய் என்பீர்கள். அதனால் இந்தக் கடிதத்தோடு இரண்டு சின்னத் துணிப்பைகள் அனுப்புகிறேன். ஒன்றைச் சிவப்பு நூலால் தைத்திருக்கிறேன், மற்றொன்றை வெள்ளை நூலால். தையலைப் பிரிக்காமல், எதில் என்ன இருக்கிறது என்று முகர்ந்து எழுதுங்கள். சரியாக எழுதினால் மறுநாளே மகளையும் பேத்தியையும் நானே கூட்டிக்கொண்டு வந்து, உங்கள் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்கிறேன்.

பெனிதாவின் பிறந்தநாள் நன்றாக நடந்தது.

எர்லிந்தா

*

குவானஹுவாத்தோ,
ஜூலை 30, 1984.

எர்லிந்தா,

சம்பந்தியம்மா என்று கூப்பிட இனி எனக்கு மனமில்லை.

உங்கள் மகள் ஒரு பொய் சொன்னாள், நீங்கள் அதற்குச் சட்டையும் பாவாடையும் தைத்துப் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். காஸாம், குழந்தையாம்! ஃபெர்மினையும் அவன் தம்பியையும் அதே தரையில் தவழவிட்டு வளர்த்தவள் நான். இன்னொரு முறை இந்த மாதிரி எழுதினால் கடிதத்தைச் சாமியாரிடமே கொண்டு போய்க் காட்டுவேன்.

எனக்குப் பரீட்சை வைக்க நீங்கள் யார்? வாசலில் சட்டி வைத்து விற்கிறவள் என் மூக்குக்கு மார்க் போடுவதா? உங்கள் பைகள் இரண்டையும் தபால்காரர் தெருமுனை தாண்டுவதற்குள் அடுப்பில் போட்டுக் கொளுத்தினேன். ஒன்றில் சீரகம், ஒன்றில் காப்பி. இரண்டும் மட்டமான சரக்கு. வீடு முழுக்க அந்த மணம் நின்றது. போதுமா?

என்சிலாதாவைப் பற்றிச் சண்டை போட்டு, நீங்களே மிளகாய் ஏறிப்போய் நிற்கிறீர்கள். தண்ணீர் குடியுங்கள். குழந்தையை அனுப்புங்கள், இல்லாவிட்டால் ஃபெர்மின் வக்கீலைப் பார்ப்பான்.

ஹொவிதா ரங்கேல்

*

சோலெதாத்,
ஆகஸ்ட் 6, 1984.

சம்பந்தியம்மா,

சிவப்பு நூல் பையில் இருந்தது இடித்த அந்துருண்டை. வெள்ளை நூல் பையில் இருந்தது கோழி இறகு.

கோழி இறகை அடுப்பில் போட்டுவிட்டு, வீடு முழுக்கக் காப்பி மணம் நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். ரமோனாவிடம் போய் அன்றைக்கு என்ன மணம் வந்தது என்று கேளுங்கள்.

நான் ஜெயித்துவிட்டேன். இந்த வரியை எழுதும்போது சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. ஆனாலும் அழித்துவிட்டு வேறு எழுதப் போவதில்லை. அந்த காஸ் அடுப்பு இருக்கும்வரை பெனிதா அந்த வாசலை மிதிக்க மாட்டாள். வக்கீலைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவரிடமும் இதையே சொல்வேன்.

எர்லிந்தா

*

குவானஹுவாத்தோ,
ஆகஸ்ட் 20, 1984.

சம்பந்தியம்மா,

பதில் எழுத நாளாகிவிட்டது. எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

ரமோனாவைக் கேட்டேன். துணி பிழிந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"கோழி பொசுங்குற நாத்தம்க்கா. ஒங்க வீட்ல எதையோ உசுரோட கொளுத்துறீங்கன்னு நெனச்சேன்."

"அப்பவே கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா கோவிச்சுப்பீங்க. மாசக்கணக்கா எதையுமே கேக்கறதில்லக்கா, இந்தத் தெருவுல யாரும்."

தெருவுக்கே தெரிந்திருக்கிறது. இப்போதெல்லாம் யாரும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சாமியார் சிரித்ததும் அதனால்தான். அவர் மூக்கிலும் அந்தக் கருகல் ஏறியிருக்கும். நான் ஒருத்திதான் பரிவட்டம் கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றிருக்கிறேன்.

எனக்கு எப்போது தெரிந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். மிளகாயில் தெரிந்துகொள்ளவில்லை. காய்ச்சல் விட்டு எழுந்த அன்று பெனிதாவைக் குளிப்பாட்டி என் மடியில் போட்டார்கள். அவள் உச்சந்தலையில் முகத்தை வைத்தேன். ஒன்றுமே இல்லை. பொம்மையைத் தூக்கி வைத்ததுபோல் இருந்தது. சளி போனால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். தினமும் யாரும் பார்க்காதபோது அவள் தலையை முகர்ந்து பார்ப்பேன். நாக்கும் பாதி செத்துவிட்டது. மிளகாய் எரிகிறது, அவ்வளவுதான், அதற்கு ருசி இல்லை. வெளியே சொல்ல எனக்குப் பயம். மூக்கு போன சமையற்காரியை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்கள்? மூலையில் உட்கார வைத்துக் கஞ்சி ஊற்றுவார்கள்.

மே மாதம் நடந்தது பொய் என்று எழுதினேன். உங்கள் கடிதம் வந்த அன்றே எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது. அம்பாரோ ஓடியது, திரும்பி வந்து ஜன்னலைத் திறந்தது, நான் அதற்காகத் திட்டியது.

சனிக்கிழமை ஃபெர்மின் வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை அவன்.

"டேய், எனக்கு மணம் தெரியலடா. ஜனவரிக் காய்ச்சல்லேருந்தே தெரியல. உன் பொண்டாட்டி சாந்தைக் கொட்டுனது சரிதான்."

"அவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேம்மா."

"எனக்காகச் சொல்லல."

படியில் உட்கார்ந்து அழுதான். அவன் அப்பாவைப் புதைத்த அன்றுகூட அப்படி அழவில்லை. பிறகு எழுந்து, காஸ் உருளையைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். இப்போது முற்றத்தில் கரி அடுப்பு வைத்திருக்கிறோம். கரி அணைந்தால் கண்ணுக்குத் தெரியும். கண் இன்னும் நன்றாக இருக்கிறது.

உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இறகை வைத்துத் தைத்து அனுப்பிய கைகாரியிடம் நான் எதற்குக் கேட்க வேண்டும்? கேட்க வேண்டியவளிடம் நேரில் கேட்பேன். உங்கள் ஊர் என்சிலாதா பற்றிய என் கருத்திலும் மாற்றமில்லை.

இந்த உறையில் மூன்று மிளகாய் வைத்திருக்கிறேன். இன்று காலை கரி அடுப்பில் வறுத்தேன். நிறம் மாறியதும் எடுத்துவிட்டேன் என்று நினைக்கிறேன், ஆனால் நிச்சயமாக எனக்குத் தெரியாது. அம்பாரோவை முகர்ந்து சொல்லச் சொல்லுங்கள். இனி இந்த வீட்டில் அவள் கல்லருகே நின்று போதும் என்று சொன்னால்தான் நான் மிளகாயை இறக்குவேன். அரைப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், கை இன்னும் ஓயவில்லை.

வருவதும் வராததும் அவள் இஷ்டம். மிளகாய்க்கு மட்டுமாவது பதில் எழுதுங்கள்.

ஹொவிதா

*

சோலெதாத்,
ஆகஸ்ட் 26, 1984.

சம்பந்தியம்மா ஹொவிதா அவர்களுக்கு,

மூன்றும் கருகல்.

உறையைப் பிரித்ததும் அம்பாரோ ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தாள். கண் கலங்கிவிட்டது, நெடியாலா வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை. "நல்லா இருக்குன்னு எழுதிரும்மா" என்றாள். நான் எழுத மாட்டேன். அவள் உங்களிடம் பொய் சொல்லிச் சொல்லித்தான் இத்தனையும் வந்தது. இரண்டு மிளகாய் முழுக் கரி. மூன்றாவது மட்டும் காம்புப் பக்கம் தப்பித்திருக்கிறது. கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வறுத்தவளுக்கு அது மோசமில்லை. அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் எடுங்கள்.

அம்பாரோ பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். நான் போகச் சொல்லவில்லை, போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் குழந்தையின் தலையைப் பற்றி எழுதியிருந்த இடத்தைப் படித்துக் காட்டியதும் எழுந்து போய்ப் பெட்டியை இறக்கினாள். செப்டம்பர் 4, செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வருகிறார்கள். மாப்பிள்ளையை நிலையத்துக்கு வரச் சொல்லுங்கள், கொழுக்கட்டையைத் துப்பிவிட்டு. என் சிவப்பு மாவில் செய்ததில் கொஞ்சம் கொடுத்து அனுப்புகிறேன். பலகாரமோ என்சிலாதாவோ, பொரித்துச் சாப்பிடுங்கள். மணம் இல்லாவிட்டாலும் பல் இருக்கிறதல்லவா?

உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அந்தக் கரண்டியை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பெனிதாவுக்கு நடை வந்துவிட்டது. எதைக் கண்டாலும் ஓடிப் போய்ப் பிடிக்கிறாள். அந்தக் கரி அடுப்பைக் கொஞ்சம் உயரத்தில் வையுங்கள்.

எர்லிந்தா